ஒரிஜினல் சிட்டு

அந்தக் கட்டடத்தை வரைந்தவருக்குக் கண்களின் மேல் தனிப் பிரியம் இருந்திருக்க வேண்டும். ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் மேலே இமை மாதிரி ஒரு சிமெண்ட் வளைவு. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால், நான்கு மாடியும் பாதித் தூக்கத்தில் நம்மைக் குனிந்து பார்ப்பது போலிருக்கும். வாசல் பலகையில் 'பெண்கள் மற்றும் குழந்தைகள் இணையப் பாதுகாப்பு மையம்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே சாய்வெழுத்தில், 'அஞ்ச வேண்டாம், நாங்கள் இருக்கிறோம்.'

அவர்கள் இருந்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. காலையில் வந்து, நாற்காலிகளை இழுத்துப் போட்டு, மின்விசிறிக்கு நேராக நகர்த்தி, சாயங்காலம் வரை இருந்தார்கள்.

சிட்டுவின் அம்மா அந்தப் பலகையை நம்பினாள். அவள் ஒரு அடுமனையில் கேக்கின் மேல் பெயர் எழுதுகிறவள். நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளின் பெயர்களைச் சர்க்கரைக் கூழில் வளைத்து வளைத்து எழுதி, முடிந்ததும் கண்ணாடி மேசைக்கு வந்து "பிடிச்சிருக்கா?" என்று சிரித்துக் கேட்பது அவள் வேலை. எழுத்து கோணினால் கத்தியால் வழித்துவிட்டு மறுபடி எழுதலாம். உலகத்தில் தப்பாக எழுதப்பட்ட எதையும் அப்படி வழித்து எடுத்துவிட முடியும் என்ற எண்ணம் அவளுக்கு எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். பதிமூன்று வயதுச் சிட்டுவுக்கு இணையத்தில் ஒரு 'அக்கா' பழக்கமானாள். பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னாள். "உன் முகம் நல்லா இருக்கும்டா, ஒரு போட்டோ அனுப்பு. கொஞ்சம் சிரி" என்றாள். சிட்டு சிரித்து அனுப்பினாள். ஒரு வாரத்தில் அந்த அக்கா மறைந்து, அதே சிரித்த முகத்தோடு 'ஒரிஜினல் சிட்டு' என்று ஒரு கணக்கு முளைத்தது. அது சிட்டு மாதிரியே பேசியது. பள்ளியில் கீழ் வகுப்புப் பிள்ளைகளைத் தேடித் தேடிப் பிடித்து, "அக்காவுக்கு உன் ரூமைக் காட்டு. வீட்ல யாரும் இல்லாதப்ப கூப்பிடு. அம்மாகிட்ட சொல்லாத, இது நம்ம ரகசியம்" என்றது. இரண்டு பெற்றோர்கள் பள்ளி வாசலில் சிட்டுவை நிறுத்தி, கேட்கக் கூடாத கேள்விகளைக் கேட்டார்கள். மறுநாள் அவள் பயந்துபோய்த் தன் சொந்தக் கணக்கை மூடினாள். அதற்கடுத்த நாள் பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு தலையணை அகல இடத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் தெரிந்த அன்று அம்மாவுக்கு வந்த ஆத்திரத்தில் வாய் முந்திக்கொண்டது. "யாரோ சிரின்னா சிரிச்சிடுவியாடி? அறிவு வேணாம்?" என்றாள். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். அது கேக் இல்லை.

"நான் போய் எழுதிக் குடுத்துட்டு வரேன். அழிச்சிடுவாங்க" என்றாள் அந்தச் சந்துக்குள் குனிந்து.

"என் போட்டோவ எல்லாருக்கும் காட்டுவாங்களா?"

"ச்சே, எதுக்குக் காட்டுறாங்க? ஒருத்தர் பாப்பாரு, அழிப்பாரு. அவ்ளோதான். அம்மா சொல்றேன்ல?"

சிட்டு அம்மாவின் சுண்டு விரலைப் பிடித்து ஒரு முறை இழுத்து விட்டாள். அவர்கள் வீட்டில் அதற்குச் சத்தியம் என்று பொருள்.

*

ஆய்வு அலுவலர் இனிமையான மனிதர். புகாரைக் கேட்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார், கழுத்துப் பிடிப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

சிட்டுவின் அம்மா தன் போனை நீட்டினாள். அவர் தொடக்கூட இல்லை.

"இது உங்க போன்மா. இதுல பாத்தா அது நீங்க பாத்தது. நாங்க எங்க போன்ல பாக்கணும். பாக்காத ஒண்ண எப்படி அழிக்கிறது? நாளைக்கு கோர்ட்டுல, 'ஐயா நீர் பார்த்தீரா'ன்னு கேட்டா?"

கணக்கு பூட்டப்பட்டிருந்தது. ஃபாலோ செய்பவர்கள் மட்டுமே உள்ளே போக முடியும். ஆய்வு அலுவலர் தன் போனை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரிஜினல் சிட்டுவை ஃபாலோ செய்ய அனுமதி கேட்டார். அனுமதி உடனே வந்தது. கூடவே ஒரு செய்தி: 'வாங்க அங்கிள்!' ஓரத்தில் ஒரு சிவப்பு இதயம்.

"மரியாதையா பேசுது" என்றார் அலுவலர். "வணக்கம் பாப்பா" என்று பதில் போட்டார்.

"சார், அது பாப்பா இல்ல சார். யாருன்னே தெரியாது."

"இருக்கட்டும்மா. எடுத்த எடுப்புல விரோதம் காட்டக் கூடாது. அது எங்க பயிற்சி."

ஒருவர் பார்த்தால் போதாது என்பது மையத்தின் வழக்கம். ஒருவர் பார்த்ததை அவருக்கு மேலே உள்ளவர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அவர் சரியாகப் பார்த்தாரா என்று பக்கத்துப் பிரிவு பார்க்க வேண்டும். அதுவும் அவரவர் போனில். ஆகவே அன்று பகலுக்குள் இரண்டாம் மாடி முழுவதும் ஒரிஜினல் சிட்டுவை ஃபாலோ செய்தது. பொதுமக்கள் தரப்பில் ஒரு சாட்சி வேண்டும் என்பதால் காபி கொண்டுவந்தவரும் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு ஃபாலோ செய்தார். மூன்றாம் மாடிக்கு இதில் வேலை ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டாம் மாடி என்னதான் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவர்களால் உட்கார முடியவில்லை.

மேசைக்கு மேசை மகளின் முகம் சின்னச் சின்ன வெளிச்சமாக ஏற்றப்படுவதைச் சிட்டுவின் அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருத்தர் பாப்பாரு என்று சொல்லியிருந்தாள். சுண்டு விரல் லேசாக வலித்தது.

"எப்ப சார் அழிப்பீங்க?"

"இப்பத்தானேம்மா பாத்திருக்கோம்" என்றார் ஆய்வு அலுவலர், அவள் அவசரத்தால் சற்றே புண்பட்டு.

*

அடுத்த முறை போனபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"பதில் வந்திருச்சும்மா!"

"என்ன பதில்?"

"'உங்கள் மீது புகார் வந்திருக்கிறது, தாங்கள் போலியா?'ன்னு முறைப்படி அந்தக் கணக்குக்கே எழுதிக் கேட்டோம். அஞ்சே நிமிஷத்துல பதில். 'இல்லை சார், நான் ஒரிஜினல்.' தப்புப் பண்றவங்க இவ்ளோ சீக்கிரம் பதில் போடுவாங்களா, சொல்லுங்க? நான் என் மச்சானுக்கு மெசேஜ் போட்டா ரெண்டு நாள் ஆகுது."

சிட்டுவின் அம்மாவுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. "யாரு புகார் குடுத்தான்னு அதுக்குத் தெரிஞ்சிடாதா சார்?"

"உங்க புகாரோட நகல் அனுப்பியிருக்கோம்ல. பேரு, விலாசம், போன் நம்பர் எல்லாம் தெளிவா இருக்கு. யாரு குத்தம் சொல்றாங்கன்னு தெரியாம ஒருத்தரு எப்படிம்மா தன்னைக் காப்பாத்திக்குவாரு? இது பாதுகாப்பு மையம். எல்லாருக்கும் பாதுகாப்பு."

அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு சிக்கல்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "ரெண்டுல எது நிஜம்னு பாக்கலாம்னா, உங்க பொண்ணோட கணக்கக் காணோம். மூடிட்டுப் போயிருக்கா. அது பாருங்க, கூப்பிட்ட குரலுக்கு நிக்குது. பேருலயே ஒரிஜினல்னு போட்டிருக்கு. உங்க பொண்ணு சும்மா சிட்டுன்னு தானே வச்சிருந்தா?"

"சார், அவ உயிரோட வீட்ல உக்காந்திருக்கா சார். கூட்டிட்டு வரேன், நேர்ல பாருங்க."

"நேர்ல பாத்து என்ன பண்றது? நாங்க இணையம். ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்க. 'நான்தான் நிஜமான சிட்டு'ன்னு முகம் தெரியச் சொல்லணும். யூனிஃபார்ம் போட்டிருந்தா விசேஷம்."

வீட்டில் சிட்டுவின் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி, லிஃப்ட் பழுதுபார்க்கிற மெக்கானிக். நடுமாடியில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிப் பேசி, எதையும் கேலியாகவே சொல்லும் பழக்கம் வந்திருந்தது அவருக்கு.

"நான்தான் நான்னு இவ சொல்லணுமா? ஏங்க்கா, அந்தாளு அந்த ஆபீசரு தானான்னு நீ ஒரு வீடியோ கேட்டியா?"

"சும்மா இருடா. அழியணும்ல?"

"வேணாம்க்கா. மனசுக்குச் சரியாப் படல."

"உனக்கு என்ன படும்? லிஃப்ட்டு நின்னா ஸ்க்ரூவத் திருப்புவ. இது சர்க்கார் காரியம், இப்படித்தான் இருக்கும்."

சிட்டு சந்துக்குள்ளிருந்து வெளியே வந்தாள். பல நாட்களுக்குப் பிறகு தலைவாரிக்கொண்டாள். யூனிஃபார்ம் சட்டைப் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டாள். "இத அவங்க மட்டும்தானே பாப்பாங்க?" என்று ஒரு தடவை கேட்டாள், அம்மா தலையாட்டியதும் சுவரோரம் நின்று, பள்ளியில் உறுதிமொழி சொல்கிற குரலில், "நான்தான் நிஜமான சிட்டு. என்னை நம்புங்கள்" என்றாள்.

இரண்டாம் நாள் அந்த வீடியோ ஒரிஜினல் சிட்டுவின் பக்கத்தில் இருந்தது.

சிட்டுவின் அம்மா மையத்துக்கு ஓடினாள். அடுமனை ஏப்ரனோடு ஓடினாள். ஆய்வு அலுவலர் அவளைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

"எதிர்த்தரப்போட கருத்து கேக்காம எப்படிம்மா முடிவெடுக்கிறது? அனுப்பித்தான் ஆகணும். ஆனா ஒரு நல்ல காரியம் நடந்திருக்கு பாருங்க. குழப்பம் தீந்துபோச்சு. அந்தக் கணக்குலதான் வீடியோ இருக்கு. முகம் தெளிவா இருக்கு, யூனிஃபார்ம் இருக்கு, வாயத் திறந்து 'நான்தான் நிஜமான சிட்டு'ன்னு சொல்லுது. இதுக்கு மேல என்ன ஆதாரம்? நிஜக் கணக்குன்னு நாங்க சான்று குடுத்துட்டோம்."

"அது என் பொண்ணு சார்!"

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்!"

*

அதன் பிறகு ஒரே ஒரு நல்ல காலை வந்தது.

சிட்டுவின் வகுப்பில் தடிக் கண்ணாடி போட்ட ஒருத்தி. எல்லாரும் அவளைப் பூதக்கண்ணாடி என்பார்கள். அவள் யாரையும் கேட்கவில்லை. வகுப்பு முழுவதையும், தெரிந்தவர்களின் அண்ணன் அக்காக்களையும் சேர்த்துக்கொண்டு, ஒரே நேரத்தில் அந்தக் கணக்கைப் போலி என்று ரிப்போர்ட் செய்ய வைத்தாள். கணக்கு இல்லாமல் போனது. தேடினால் வெறும் சாம்பல் வட்டம்.

சிட்டு அந்த வட்டத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, தன் யூனிஃபார்மைத் தானே துவைத்து, பால்கனிக் கொடியில் போட்டாள். சட்டையின் கைகளை இழுத்து இழுத்து நேராக்கினாள். வெயிலில் அது காற்று வாங்கிப் புடைத்தது, உள்ளே யாரோ நிற்பது போல. "நாளைக்குப் போறேம்மா" என்றாள். இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

அம்மா கால் தரையில் பாவாமல் வேலைக்குப் போனாள். அன்று மூன்று கேக்குகளில் அளவுக்கு மேல் பூ வைத்தாள். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மதியம் அவர்தான் ஒரு பெரிய ஆர்டரோடு வந்தார்.

"உனக்குத்தான் இது. மையத்துலேருந்து வந்திருக்கு. நாளைக்கு விழாவாம், குழந்தைகள் இணையப் பாதுகாப்பு வாரம். மூணடுக்கு. எழுத்து பெருசா தூரத்துலேருந்து தெரியணுமாம்."

"என்ன எழுதணும்?"

அவர் போனைப் பார்த்துப் படித்தார். "'எங்கள் தூதர் ஒரிஜினல் சிட்டுவுக்கு வாழ்த்துகள்.' ஏம்மா, உன் பொண்ணு பேரும் சிட்டுதானே? என்ன, ஏன் உக்காந்துட்ட?"

*

விழிப்புணர்வுப் பிரிவு நான்காம் மாடியில். அதன் தலைவியை எல்லாரும் மேடம் என்றார்கள். சுவர் முழுக்கச் சுவரொட்டிகள். எல்லாவற்றிலும் சிட்டு சிரித்துக்கொண்டிருந்தாள். 'எனக்குச் சொல், நான் இருக்கிறேன்' என்று அவள் வாய்க்கு மேல் ஒரு குமிழ்.

"வாங்க வாங்க, தூதரோட அம்மா!" மேடம் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வருஷம் தூதரா யாரப் போடலாம்னு யோசிச்சோம். எங்க ஆபீஸ் முழுக்க ஃபாலோ பண்ற ஒரே குழந்தை இதுதான். அதுவும் நாங்களே நிஜம்னு சான்று குடுத்த கணக்கு. எல்லா ஸ்கூலுக்கும் சொல்லிட்டோம், பிள்ளைங்க எல்லாரும் கட்டாயம் ஃபாலோ பண்ணணும், மனசுல இருக்கறத இந்தக் கணக்குக்கு எழுதணும்னு."

"மேடம்... அதுதான் பிள்ளைங்களப் பிடிக்கிற கணக்கு மேடம். அம்மாகிட்ட சொல்லாதன்னு சொல்ற கணக்கு. இன்னைக்குக் காலையில அழிஞ்சிடுச்சு. தயவுசெஞ்சு அப்படியே விட்ருங்க."

"அத ஏன் கேக்கறீங்க!" மேடத்தின் கண்கள் கலங்கின. "யாரோ பொறாமை பிடிச்சவங்க கூட்டமா சேந்து ரிப்போர்ட் அடிச்சிருக்காங்க. ஒரு குழந்தைக்கு எதிரா எவ்வளவு பெரிய இணையத் தாக்குதல்! நானே கம்பெனிக்குப் பேசித் திரும்பக் கொண்டுவந்துட்டேன். இனிமே அது பாதுகாக்கப்பட்ட கணக்கு. யாரு ரிப்போர்ட் பண்ணாலும் ஒண்ணும் ஆகாது. யாரு பண்ணாங்கன்னு கண்டுபிடிச்சு அவங்க ஸ்கூலுக்கு எழுதப்போறோம்."

அம்மாவுக்குப் பூதக்கண்ணாடியின் முகம் நினைவுக்கு வந்தது. கூடவே வேறொன்றும் தோன்றியது. "தூதருக்குப் பரிசெல்லாம் அனுப்புவீங்கல்ல? எங்க அனுப்பினீங்க? அந்த விலாசத்த மட்டும் எனக்குச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

மேடம் கையை விட்டுவிட்டார். "என்னம்மா பேசறீங்க? ஒரு குழந்தையோட விலாசத்த வெளியில குடுக்கறதா? நாங்க பாதுகாப்பு மையம்மா!"

அன்று சாயங்காலம் அவள் அந்தக் கேக்கில் எழுதினாள். எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதுவார்கள் என்றார் முதலாளி, அது நியாயம்தான். அவள் எழுதிய எழுத்துகளிலேயே அவைதான் மிக நேராக வந்தன.

வீட்டில் கொடி காலியாக இருந்தது. காய்ந்த யூனிஃபார்ம் மடிக்கப்படாமல் நாற்காலியில் கிடந்தது. சிட்டு மறுபடி சந்துக்குள்.

"நாளைக்கு விழாவுக்கு நான் போறேன்" என்றாள் அம்மா. "எல்லாரும் இருப்பாங்க. மைக்க வாங்கிச் சொல்லிடறேன்."

"சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"லைவ்ல வரும்மா. நான் பாத்துட்டிருப்பேன்."

இந்த முறை சிட்டு விரலை இழுக்கவில்லை. அம்மாதான் மகளின் சுண்டு விரலைத் தேடிப் பிடித்து இழுத்தாள்.

*

அரங்கில் பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் போன், ஃபாலோ செய்ததைக் காட்டினால்தான் உள்ளே விட்டார்கள். மாமா பின் வரிசையில் இடம்பிடித்து, "போ, ஒரே மூச்சுல சொல்லிட்டு இறங்கிடு" என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை.

இயக்குநர் பேசினார். வெண்மையான உடை, நிதானமான குரல்.

"அன்புக் குழந்தைகளே! இந்த மையம் தொடங்கியபோது, இணையக் குற்றம் என்றால் என்ன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இன்றும் அதே ஆர்வத்தோடு இருக்கிறோம். முன்பெல்லாம் மக்கள் புகாரோடு வந்தால் வருத்தமாக இருக்கும். இப்போது அப்படி இல்லை, பழகிவிட்டது. போன வருடம் வந்த புகார்களை ஒன்று விடாமல் பார்த்தோம். பார்த்தவற்றை மறுபடி பார்த்தோம். இந்த வருடம் புகார்கள் பாதியாகக் குறைந்துவிட்டன. ஒரு முறை வந்தவர்கள் யாரும் இரண்டாம் முறை வருவதில்லை என்பதே நம் சேவைக்குச் சான்று. குழந்தைகளே, முன்பின் தெரியாதவர்களை நம்பாதீர்கள். இப்போது எல்லாரும் போனை எடுத்து, நம் தூதருக்கு உங்கள் பெயர், வகுப்பு, வீடு எங்கே என்று எழுதி அனுப்புங்கள். அவர் உங்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வார்."

பிள்ளைகள் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். அரங்கு முழுக்க மழை தூறுவது போலச் சின்ன விரல்களின் சத்தம்.

சிட்டுவின் அம்மா எழுந்தாள். அவள் மேடையை நோக்கி நடக்கும்போதே திரை ஒளிர்ந்தது. தூதரின் செய்தி. மேடம் அதை உரக்கப் படித்தார்: "'தேர்வு இருப்பதால் வர முடியவில்லை. என் அம்மா வந்திருக்கிறார். சாம்பல் நிறப் புடவை. பரிசை அவரிடமே கொடுங்கள்.'"

அவள் தன் புடவையைக் குனிந்து பார்த்தாள். சாம்பல் நிறம். அரங்கில் எங்கேயோ இருந்து அது தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவள் திரும்பி அத்தனை முகங்களையும் பார்த்தாள். எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டுகிற கைகளில் அதன் கை எது என்று எப்படிச் சொல்வது?

யாரோ முழங்கையைப் பிடித்து மேலே ஏற்றினார்கள். கனமான கண்ணாடிக் கேடயம் ஒன்று கைக்கு வந்தது. மைக் வாய்க்கு நேராக வந்தது. அவள் சொல்லிவிட்டாள். உண்மையிலேயே சொல்லிவிட்டாள்.

"இது... இது என் பொண்ணு இல்ல."

மேடம் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் குரல் தழுதழுத்தது. "கேட்டீங்களா? இனிமே இவ என் பொண்ணு இல்ல, உங்க எல்லாரோட பொண்ணுன்னு சொல்றாங்க! ஒரு தாய் வேற எப்படிச் சொல்ல முடியும்?"

அரங்கு எழுந்து நின்று தட்டியது. ஆய்வு அலுவலர் சாய்ந்த கழுத்தோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் "இல்லீங்க, இல்லீங்க" என்றாள். மைக் ஏற்கெனவே அணைக்கப்பட்டிருந்தது. மூன்றடுக்கு கேக் தள்ளுவண்டியில் வந்தது. இயக்குநர் ஒரு பக்கம், மேடம் ஒரு பக்கம். முன்னால் புகைப்படக்காரர் முழந்தாளிட்டார்.

"அம்மா, இங்க பாருங்க. கொஞ்சம் சிரிங்க."

எத்தனை வருடம் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்றவள்! கேக்கைக் கண்டால், எதிரே யாராவது நின்றால், உதடு தானாக விரியும். மனசு எங்கேயோ பின் வரிசையில், தன் புடவையைப் பார்த்து எழுதிய அந்த ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருக்க, முகம் தன் வேலையைச் செய்துவிட்டது.

*

வீட்டுக்கு வரும் வழியில் மாமா, "அந்தக் கேடயத்தக் குடு, நான் தூக்கிட்டு வரேன்" என்றார். வாங்கி, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அது உடையவில்லை. தரமான கண்ணாடி. அவள் போனில் மையத்திலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: 'உங்கள் புகார் மனநிறைவோடு முடித்து வைக்கப்பட்டது.'

சிட்டு சந்தில் இல்லை. கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழுத மாதிரித் தெரியவில்லை. போனை அம்மா பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

ஒரிஜினல் சிட்டுவின் பக்கத்தில் புதிய படம். நடுவில் கேடயத்தோடு அம்மா, அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே இரண்டே வரி: 'என் அம்மா. எனக்காக மேடை ஏறினாள்.' கீழே சின்னப் பிள்ளைகளின் வரிசை, முடிவே இல்லாமல். 'சூப்பர் அம்மா அக்கா.' 'எனக்கும் உங்கள மாதிரி அம்மா வேணும்.' 'எங்க வீடு ஸ்கூல் பின்னாடி, பச்சை கேட்டு அக்கா.' ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு இதயம், உடனுக்குடன்.

"நான் சொன்னேன் சிட்டு. சத்தியமா சொன்னேன். அந்த அம்மா மாத்திச் சொல்லிட்டாங்க. மைக்க நிறுத்திட்டாங்க..."

"கேட்டுச்சு" என்றாள் சிட்டு. "நீ சொன்னது கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்டி இப்படிப் பாக்கற?"

சிட்டு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். அம்மாவின் முகம் திரை முழுக்க வந்தது. வாய் மட்டும் வந்தது. பல் மட்டும் வந்தது.

"போட்டோக்காரர் சொன்னாரும்மா" என்றாள் அம்மா. "சிரிங்கன்னாரு."

சிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம்கூட இல்லை.

"யாரோ சிரின்னா சிரிச்சிடுவியாம்மா?"

அம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த அந்தத் தலையணை அகல இடத்தில் மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். இடம் சரியாக இருந்தது.